புள்ளி போட்ட தெள்ளு வண்டு: பெயர் சொல்வதில் எங்கே சறுக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்துச் சமேலாவில் ஓர் உலர்காடு இருக்கிறது. ஆண்டு மழை 750 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். அதிலும் பெரும்பகுதி ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் மரங்கள் மொட்டையாக நிற்கும், தரை சருகாகக் கிடக்கும். மழை விழுந்ததும் காடு ஒரே வாரத்தில் பச்சையாகிறது. அந்தப் பச்சையோடு சேர்ந்து வெளியே வரும் வண்டுதான் பிளெஃபாரிடா. பாலேடு நிறத்திலோ மஞ்சளிலோ சிறகுறை, அதன்மேல் சிவந்த பழுப்பில் புள்ளிகளும் திட்டுகளும். தெள்ளுப்பூச்சி மாதிரித் தாவுகிற இலை வண்டுகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. உலகம் முழுக்க இந்தத் தெள்ளு வண்டுகளில் 8000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

பிளெஃபாரிடா பெரும்பாலும் புர்செரா மரத்தைத்தான் தின்னும். புர்செரா நமக்கு அந்நியம் இல்லை. நம் ஊர் வேலிகளில் போத்து நட்டு வளர்க்கிறோமே, அந்தக் கிளுவைக்கு மிக நெருங்கிய சொந்தம். அங்கேயும் புர்செராக் கம்பை வெட்டி நட்டு உயிர்வேலி போடுகிறார்கள். அதன் பிசினைக் கோபால் என்று சொல்லிச் சாம்பிராணி போலப் புகைக்கிறார்கள். கிளுவையைக் கிள்ளி முகர்ந்து வளர்ந்த ஒருவருக்கு இந்தக் காட்டில் பாதி வேலை மூக்காலேயே முடிந்துவிடும்.

ஒரு மழைக்காலம் முழுக்க இந்த வண்டுகளின் பின்னால் அலைந்திருக்கிறேன். அதற்குப் பிறகு நண்பர்கள் அனுப்பும் படங்களுக்குப் பெயர் சொல்ல உதவி வருகிறேன். தவறுகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே இடத்தில் பிறக்கின்றன: புள்ளியில் ஆரம்பிக்கிறார்கள். முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும், அடுத்தது பின்தொடையை. புள்ளி கடைசியில்தான். கீழே உள்ளவை எனக்கு அடிக்கடி வரும் சிக்கல்கள். உங்களுடையது எதுவோ அங்கே போங்கள்.

"தொட்டேன், குதிக்கவே இல்லை. அப்போ தெள்ளு வண்டு இல்லையா?"

குதிக்காததை வைத்து முடிவு கட்டாதீர்கள். காலைக் குளிரில் வண்டு மந்தமாக இருக்கும். இலை வண்டுகளில் பலதும் ஆபத்து வந்தால் காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று கீழே விழுந்துவிடும். சருகுக்குள் போன பிறகு தேடிக் கிடைக்காது.

பார்க்க வேண்டியது பின்தொடை. முன்தொடையையும் நடுத்தொடையையும் விட அது தெளிவாகப் பருத்திருக்க வேண்டும். உள்ளே சுருண்ட வில் போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது, தாவும் விசை அங்கிருந்துதான் வருகிறது. லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இந்தியரான மௌலிக் 1929இல் இதை விவரித்தார். இன்றும் பூச்சியியலில் அதை மௌலிக் உறுப்பு என்று அழைப்பதுண்டு. வெளியிலிருந்து அந்த வில் தெரியாது, அது இருக்கும் தடித்த தொடை தெரியும்.

சிக்கல் என்னவென்றால், மேலிருந்து எடுத்த படத்தில் தொடையும் தெரியாது. சிறகுறை அதை மறைத்துவிடும். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் இந்த ரகம். கேமராவை இலையின் மட்டத்துக்கு இறக்கி, வண்டின் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். இலைக்காம்பைப் பிடித்து மெல்லத் திருப்பினாலும் போதும். ஆனால் நிழல் வண்டின் மேல் விழக் கூடாது. விழுந்தால் அதற்கப்புறம் படம் எடுக்க வண்டு இருக்காது.

தொடை மெலிந்திருந்தால் கீழே உள்ளவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

பொறிவண்டு: உணர்கொம்பு குட்டையாக, நுனி தடித்து இருக்கும். இலை வண்டின் கொம்பு நூல் போல நீளம்.

காலிகிராஃபா: ஏமாற்றுவதில் முதலிடம் இதற்குத்தான். பாலேட்டு நிறச் சிறகுறையில் கறுப்புப் புள்ளியும் கிறுக்கலும், யாரோ பேனாவால் எழுதியது போல. ஆனால் உடல் நல்ல மேடு, தொடை ஒல்லி. காலிகிராஃபா பாந்தெரினா என்ற இனம் சிடா செடிகளைத் தின்னும். நம் பக்கத்து அரிவாள்மனைப் பூண்டும் ஒரு சிடாதான். களையைக் கட்டுப்படுத்துவதற்காக 1989இல் மெக்சிகோவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள் இதை. ஆகவே வண்டு மரத்தில் இல்லாமல் முழங்கால் உயரச் செடியில் இருந்தால் இதை முதலில் நினையுங்கள்.

சைகோகிராமா: பார்த்தீனியத்தைத் தின்பதற்காக 1984இல் இந்தியாவில் விட்ட வண்டு. சொந்த ஊர் மெக்சிகோ. நம் ஊர்ச் சாலையோரத்தில் அதைப் பார்த்திருந்தால் இங்கேயும் உடனே தெரிந்துவிடும். வெளிறிய சிறகுறையில் கறுத்த கோடுகள் நீளவாக்கில் நெளிந்து ஓடும்.

டயாப்ரோடிகா: தெள்ளு வண்டுக்கு நெருங்கிய உறவு. புள்ளி உண்டு, நீண்ட கொம்பும் உண்டு. உடல் மென்மையாக, நீளவாட்டில் இருக்கும். தொடையைப் பார்க்காமல் இதைத் தள்ளிவிட வழியில்லை.

"தொடை நன்றாகத் தடித்திருக்கிறது, இருந்தும் உருவம் பொருந்தவில்லை"

உடம்பின் பின்நுனி சிறகுறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் அது பயறு வண்டுக் குடும்பம். பருப்பு டப்பாவில் துளை போட்டு வருகிறதே, அதே கூட்டம். உலர்காட்டில் காய் தொங்கும் வேலமரம் போன்ற பயறுவகை மரங்கள் ஏராளம் என்பதால் இவையும் ஏராளம். சிலவற்றுக்குப் பின்தொடை பருத்திருக்கும், தாவ மட்டும் தாவாது. தெள்ளு வண்டில் சிறகுறை உடம்பைக் கடைசி வரை மூடும்.

"கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது, இதுவும் பிளெஃபாரிடாவா?"

இல்லை. அது பெரும்பாலும் ஓமோஃபொய்டா. தொடை தடித்தது, தெள்ளு வண்டேதான், ஆனால் வேறு பேரினம். பளபளக்கும் கருநீலச் சிறகுறையில் வெள்ளைப் பொட்டு வைத்தது போல இருக்கும், அழகான பூச்சி. உறுதிசெய்ய ஒரு நல்ல அடையாளம் உண்டு: பின்காலின் கடைசிக் கணு பலூன் ஊதியது போல உருண்டிருக்கும். அலகோவாசா முதலான அதன் உறவுக்காரப் பேரினங்களுக்கும் இந்த உருண்டை உண்டு. பிளெஃபாரிடாவுக்குக் கிடையாது. கை லென்ஸ் இருந்தால் ஒரு நொடியில் தீரும் விஷயம்.

"புள்ளியை எண்ணினால் வண்டுக்கு ஒரு கணக்கு வருகிறது"

வரத்தான் செய்யும். ஏழு புள்ளி, பதினாலு புள்ளி என்று பெயரிலேயே கணக்கு வைத்திருக்கும் வண்டுகளைப் பார்த்துப் பழகிவிட்டோம். பிளெஃபாரிடாவின் புள்ளி அப்படிப்பட்டது இல்லை. ஒரே மரத்தில், ஒரே கிளையில் இருக்கும் இரண்டு வண்டுகளில் ஒன்றில் புள்ளிகள் தனித்தனியாக நிற்கும், இன்னொன்றில் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகிவிடும். மண்ணிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டில் நிறம் ஏறியே இருக்காது, வெளிறிக் கிடக்கும்.

முதல் இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தில் புள்ளி எண்ணிக்கையைப் பத்தி போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்தப் பத்தியை அடித்துவிட்டு மரத்தின் பெயரை எழுத ஆரம்பித்தேன். அன்றிலிருந்து குறிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்கின.

புள்ளிக்குப் பதிலாகச் சிறகுறையில் நீளவாக்கில் ஓடும் குழி வரிசைகளைப் பாருங்கள். நிறம் எப்படி மாறினாலும் அந்த வரிசை மாறாது. உடல் அளவும் உதவும். தெள்ளு வண்டுகளில் பெரும்பாலானவை எள்ளளவு, கடுகளவு. பிளெஃபாரிடா அரை சென்டிமீட்டரைத் தாண்டும்.

"எந்த மரத்தில் இருந்தது என்று தெரியவில்லை"

படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது. காட்டிலேயே பட்டையைப் பாருங்கள். புர்செராக்களில் சுமார் 100 வகை, பெரும்பாலானவை மெக்சிகோவில். அங்கே மக்களே அவற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பட்டை காகிதம் போல உரிந்து தொங்கினால் குவாஹியோதே. பட்டை உரியாமல் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தால் கோபால். தாவரவியல் வகைப்பாடும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் பிரிகிறது. ஊர்க்காரர்கள் கண் அவ்வளவு துல்லியம். உரியும் வகையில் ஒன்றுக்குச் சுற்றுலாப் பயணி மரம் என்றே பெயர், வெயிலில் சிவந்து தோல் உரிந்து நிற்பதால்.

இரண்டிலும் சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கசக்குங்கள். சாம்பிராணி வாசம் வந்தால் புர்செரா. கசக்கும் முன் அடுத்த சிக்கலைப் படித்துவிடுங்கள்.

"இலையைக் கிள்ளியதும் பிசின் பீய்ச்சி அடித்தது"

சரியான மரத்துக்கு வந்துவிட்டீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இனிமேல் நிதானமாகப் பாருங்கள். இந்த வண்டின் கதையே இங்கேதான் இருக்கிறது.

சில புர்செராக்களின் இலை நரம்புகளை ஒட்டிய குழல்களில் பிசின் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். நரம்பு அறுந்தால் அது பீச்சாங்குழல் போல வெளியே பாயும். இரண்டு மீட்டர் தூரம் வரை போவதுண்டு. பீய்ச்சாத இனங்களில் பிசின் சில நொடிகளில் இலைப்பரப்பு மேல் வழிந்து பரவிவிடும். புழுவின் வாயில் அது பட்டால் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் இறுகிவிடும். ஜூடித் பெசேரா என்ற ஆய்வாளரும் லாரன்ஸ் வெனபிளும் 1990இல் இதை விரிவாக எழுதினார்கள். மரத்தின் தற்காப்பை மட்டும் சொல்லி அவர்கள் நிறுத்தவில்லை, பிளெஃபாரிடாவின் புழு அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்பதையும் சொன்னார்கள்.

அந்தப் பதிலை நான் நேரில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலை எட்டு மணி. இடுப்பு உயரத்தில் ஒரு கிளை. புழு என் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. தின்னாமல், இலையின் அடியில் நடுநரம்பின் குறுக்கே தலையை வைத்துக்கொண்டு மெல்ல மென்றது. ஒரு கடி, ஒரு நிறுத்தம். கடித்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளி பிசின் ஊறியது. புழு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அசையாமல் நின்றது. துளி வழிந்து போனது. மறுபடி ஒரு கடி. அரைமணி நேரம் கழித்தும் அதே நரம்பில்தான் இருந்தது. குழாயின் வால்வை மூடிவிட்டுப் பழுது பார்க்கிறவர் போல, அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகுதான் நுனிப்பக்கம் போய்த் தின்ன ஆரம்பித்தது. ஓர் இலையை இப்படித் தயார்செய்ய ஒன்றரை மணி நேரம் வரைகூட ஆகும், தின்று முடிக்கப் பத்து இருபது நிமிடம் போதும் என்று பெசேரா எழுதியிருக்கிறார். அன்று மாலை சட்டையைக் கழற்றும்போது முழங்கைப் பக்கம் இரண்டு துளி காய்ந்து பொடியாக உதிர்ந்தது. அறை முழுக்கக் கோயில் வாசம்.

பெயர் சொல்வதற்கு இது எப்படி உதவும் என்றால், இலையின் அடிப்பகுதியில் நடுநரம்பில் கடித்த காயமும் காய்ந்த பிசின் மணியும் இருந்து, நுனிப்பக்கம் மட்டும் தின்றிருந்தால், வண்டோ புழுவோ கண்ணில் படாவிட்டாலும் இந்தக் கூட்டம்தான் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். அந்தக் காயத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

எல்லாப் புர்செராவும் பீய்ச்சாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிள்ளிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை என்றால் மரம் தவறு என்று அர்த்தமில்லை.

"இலையில் பறவை எச்சம் மாதிரி இருக்கிறது, ஆனால் நகர்கிறது"

அதுதான் புழு. தன் எச்சத்தைத் தானே முதுகில் சுமக்கும். எச்சத்தில் மரத்தின் பிசின் நெடி இருப்பதால் எறும்புக்கும் பிற வேட்டைப் பூச்சிகளுக்கும் அது பிடிக்காது. மரம் புழுவைத் துரத்தத் தயாரித்த சரக்கைப் புழு தன் காவலுக்கு வைத்துக்கொள்கிறது.

ஆமை வண்டின் புழுவும் எச்சக் குடை பிடிக்கும், அதனால் குழப்பம் வரும். ஒரு புல்லால் மெல்ல நெருடுங்கள். ஆமை வண்டுப் புழு வால்பக்கத்தில் ஒரு கவட்டையில் குடையைத் தூக்கி வைத்திருக்கும், நெருடினால் அதை ஆட்டும். பிளெஃபாரிடாப் புழுவுக்குக் கவட்டை இல்லை, எச்சம் நேரே முதுகில் அப்பியிருக்கும்.

"இலை தின்ற தடம் நிறைய, வண்டு ஒன்றும் இல்லை"

இலையில் சல்லடை போலச் சின்னச் சின்னத் துளைகள் என்றால் வேறு சிறிய தெள்ளு வண்டுகளாக இருக்கலாம். அரைவட்டமாகக் கத்தரித்தது போல இருந்தால் இலைவெட்டி எறும்பு. கீழே தரையைப் பாருங்கள், பச்சைத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசை போகும். இரண்டும் இல்லையென்றால் மேலே சொன்ன நரம்புக் காயத்தைத் தேடுங்கள்.

"பிப்ரவரியில் போனேன், ஒன்றுமே கிடைக்கவில்லை"

மரத்தில் இலையே இல்லாதபோது இலை வண்டு எப்படி இருக்கும்? புழு தின்று முடித்ததும் மண்ணுக்குள் இறங்கிவிடும். வறண்ட மாதங்கள் மண்ணுக்கடியில்தான் கழியும். அடுத்த மழைக்கு வெளியே வரும். மரத்தடியைத் தோண்டிப் பார்க்காதீர்கள், இருக்கிற கூடுகளும் உடைந்துபோகும்.

தோண்டி எடுக்கும் வழக்கம் வேறொரு கண்டத்தில் இருந்தது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள கலஹாரியில் சான் பழங்குடி வேட்டைக்காரர்கள் கிளுவை மரத்தடியில் தோண்டி, டயம்ஃபிடியா என்ற வண்டின் கூட்டிலுள்ள புழுவை எடுத்து, அதன் நஞ்சை அம்பில் பூசுவார்கள். டயம்ஃபிடியா நம் பிளெஃபாரிடாவுக்கு நெருங்கிய உறவு. அங்கே கிளுவை, இங்கே புர்செரா. மரங்கள் இரண்டும் சொந்தம், வண்டுகள் இரண்டும் சொந்தம். மெக்சிகோவில் இந்த மரமும் வண்டும் மோதிக்கொள்ளத் தொடங்கி 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று பெசேரா 2003இல் கணித்தார். கிளுவை வேலியை ஒட்டி நடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பார்க்க வேண்டும் என்றால் முதல் நல்ல மழைக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துப் போங்கள். இளந்தளிர் உள்ள தாழ்ந்த கிளைகளில் ஆரம்பியுங்கள்.

"பேரினம் வரை வந்துவிட்டேன், அதற்கு மேல் நகரவில்லை"

பல நேரம் அங்கேயே நிறுத்துவதுதான் சரி. நெருங்கிய இனங்களைப் பிரிக்க வண்டை அறுத்து இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். படத்தில் அது கிடைக்காது. மாதிரி சேகரிப்பதற்கு மெக்சிகோவின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், இல்லாமல் ஒன்றையும் பாட்டிலில் போடாதீர்கள்.

மரத்தின் இனம் தெரிந்தால் பட்டியல் நன்றாகச் சுருங்கும். சில வண்டுகள் ஒரே ஒரு புர்செராவை மட்டும் நம்பி வாழ்கின்றன. பிளெஃபாரிடா ஷ்லெக்டெண்டாலி என்ற வண்டுக்கு அது தின்னும் மரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து உறவு மரத்தில் உறவு வண்டுதான் இருக்கும் என்று ஊகித்துப் பெயர் போடாதீர்கள். வண்டுகள் மரம் மாறும்போது மரத்தின் வம்சத்தைவிட அதன் பிசினில் உள்ள வேதிப்பொருள்களின் ஒற்றுமையையே அதிகம் பின்பற்றியிருக்கின்றன என்பது பெசேரா 1997இல் காட்டிய முடிவு. ஒரே சாயல் பட்டை உள்ள இரண்டு மரங்களின் சாறு வேறாக இருக்கலாம், சாறு வேறென்றால் வண்டும் வேறாக இருக்கலாம்.

பெயர் கேட்டு யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் ஐந்து படம் வேண்டும்: பக்கவாட்டில் தொடை தெரிய ஒன்று, மேலிருந்து ஒன்று, தின்ற இலையின் அடிநரம்பு ஒன்று, மரத்தின் இலை காம்போடு ஒன்று, பட்டை ஒன்று. தேதியும், கடைசியாக மழை பெய்த நாளும் எழுதுங்கள். பட்டைப் படத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதனால் மரத்தை நெருங்கியதும் வண்டைத் தேடும் முன்பே அதை எடுத்துவிடுங்கள். மரம் ஓடிப்போகாது என்று தள்ளிப்போட்டால் வண்டின் பின்னால் போய் எந்த மரம் என்றே மறந்துவிடும்.